வெல்டர் வேவு பார்த்த வகுப்பு

என் சின்ன நாத்தனாரின் மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதைப் பங்கு வைத்தாலும், யாருக்குக் குறைந்தது என்று எட்டிப் பார்க்கிற குணம் அவளுக்குச் சின்ன வயதிலேயே உண்டு. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்குச் சமூக நீதி என்று வாரம் ஒரு வகுப்பு எடுத்தாள்.

பெற்றவர்களை எதிர்த்துப் பேசத் தூண்டிவிடுகிறாள் என்று தெருவெல்லாம் முணுமுணுப்பு. ஒரு பெற்றோர் வந்து பார்த்துக் குறை சொன்னாலும் வகுப்பை நிறுத்திவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வெல்டர் ஒருவர் கிளம்பிவந்தார். அவர் மகளும் அந்த வகுப்புதான்.

கதவோரம் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, திருடியைப் பார்ப்பதுபோல் டீச்சரையே பார்த்தார்.

"ஃபேனுக்குக் கீழ யாரெல்லாம் உக்காந்திருக்கீங்க?" என்று இவள் பிள்ளைகளைக் கேட்டாள். முன்வரிசையில் கைகள் உயர்ந்தன.

"காத்தே வராத இடத்துல?"

கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னாலிருந்து வெல்டர் மகள் கை தூக்கினாள்.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "அங்க ஏம்மா உக்காந்திருக்க?"

"இதான்ப்பா என் இடம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பட்டறைக்காரங்க பிள்ளைங்க எப்பவும் இங்கதான்."

தலைமையாசிரியர் பதறி எழுந்தார். "பாத்தீங்களா, பிள்ளைங்க மனசை எப்படிக் கெடுக்குறாங்கன்னு! நிறுத்திடலாமா?"

வெல்டரின் பார்வை மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"வகுப்பு நடக்கட்டும் சார். என் பொண்ணை அங்க உக்கார வச்சது யாரு? அதைச் சொல்லுங்க."

அதற்காக டீச்சரை அவர் நம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்துகொண்டார்.