கல்லுக்குப் பூர்வீகம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜல்லி லாரி ஒன்று குலுங்கினால் போதும், கார்குழலி ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிடுவார். சிதறிய கல்லைப் பொறுக்கி, திருப்பி, நாக்கு நுனியிலும் வைத்துப் பார்ப்பார். பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "யக்கா, நடு ரோட்ல இன்னா பொறுக்கிகினு கீற?" என்பார்.

"இருப்பா, இது எந்த மலைன்னு பாத்துகினு கீறேன்."

கார்குழலி ஒரு வானியலாளர். வானியலாளர் என்றதும் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நிற்பார் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணூர்ப் புகையில் நிலாவே மங்கல்தான். ஜவ்வாது மலைத் தொலைநோக்கி பிடித்துத் தந்த சிறுகோள் வெளிச்சத்தைக் கணினியில் பிரித்து, அந்தக் கல் எதனால் ஆனது, எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. அந்த நேரத்தில் அடுப்பில் குழம்பு இருந்தால், குழம்பு அம்போதான்.

"கல்லுக்குப் பூர்வீகம் இன்னான்னு இவளக் கேளு. என் சட்ட எங்க கீதுன்னு மட்டும் கேக்காத" என்பார் கணவர் பகலவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

பூமியில் கல் மோதப்போகிறது என்று டிவி பீதி கிளப்பும் நாட்களில் எதிர்வீட்டு கெங்கம்மா ஓடி வருவார். "பொண்ணு கல்யாணம் வரிக்கும் தாங்குமா?"

"பேரன் கல்யாணத்துக்கும் தாங்கும். போய் சோத்த ஆக்கு."

ஒரு சிறுகோளின் மேல் மட்டும் அவருக்குத் தனிப் பாசம். அதில் தண்ணீர் ஊறிய களிமண் இருக்கிறது, சூரியனுக்கு வெகு தொலைவில் பிறந்த கல் அது என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தார். யார் மறுத்தும் பிடித்த பிடியை விடவில்லை. பேர் வாங்கித் தந்ததும் அந்தக் கல்தான். இப்போது ஒரு விண்கலம் அதன் தூளையே அள்ளிக்கொண்டு திரும்பியிருந்தது. சோதனை முடிவு வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமையன்று பகலவன் முன்கூட்டியே லட்டு வாங்கிவிட்டார். கெங்கம்மாவும் ஆஜர்.

மெயில் வந்தது. கார்குழலி இரண்டு முறை படித்தார். பொய் சொல்வானேன், கண் கலங்கிவிட்டது.

"காஞ்சு கருகின கல்லாம். சொட்டு தண்ணி கூட இல்லியாம். நான் சொன்னது தப்பு."

பகலவன் சத்தமில்லாமல் லட்டுப் பெட்டியை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளப் பார்த்தார். கார்குழலியோ மெயிலோடு வந்த படத்தைப் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்துவிட்டார்.

"அப்போ இத்தினி வருஷமா வெளிச்சத்துல நான் பாத்தது இன்னாது?" என்றார். கேட்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்துபோய்க் கணவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினார்.

"தப்புன்னு சொன்னியேம்மா, அப்புறம் இன்னாத்துக்கு லட்டு?" என்றார் கெங்கம்மா.

"இன்னா கல்லுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல" என்று கார்குழலி அவர் கையை இழுத்து விரித்து, இரண்டு லட்டை வைத்து மூடினார்.