கணக்குப் புத்தகத்துக்கு வந்த சீமை அட்டை

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பழைய காகிதத்தைப் பேப்பர் மில்லுக்கு ஏற்றிவருவார். எண்பதுகளில் ஒரு நடை, காகிதக் கட்டுக்குள்ளிருந்து நாலைந்து வழவழப்பான புத்தகங்களை உருவிக்கொண்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகளின் மடியில் போட்டார்.

"இந்தா சாமி. ஊருக்குள்ள எவ புஸ்தகத்துக்கும் இப்படி அட்டை இருக்கக் கூடாது."

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அவர் அவளை வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நான் படித்தது ஐந்தாவது. இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. படங்களைத்தான் பார்த்தேன். தீயைக் கக்கும் ரெக்கை முளைத்த பல்லி, கத்தி ஏந்திய குள்ளன், அரைகுறையாக நிற்கும் பெண்கள்.

"சீமையில துணிக்குப் பஞ்சமாட்ட இருக்குது" என்று சொல்லிக் கத்தரியை எடுத்தேன். அந்தத் தாளெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. ஒரு படம் மட்டும் என் கையை நிறுத்தியது. எட்டுக் கை, கைக்கு ஒரு ஆயுதம், கழுத்து நிறைய நகை, இடுப்புக்குக் கீழே பாம்பு. நம் அம்மன் அங்கேயும் போயிருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதையே கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது முதல் சந்தனமும் குங்குமமும் அவளுக்குத்தான் வைத்தேன்.

பூஜை விடுமுறை முடிந்ததும் பள்ளியிலிருந்து வீட்டுக்காரரையும் என்னையும் வரச் சொன்னார்கள். இங்கிலீஷ் டீச்சரின் மேசை மேல் அந்தப் புத்தகம் பொட்டோடு கிடந்தது. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை விரல் படாமல் காட்டினார்.

"இதை நான் வாய்விட்டுப் படிக்க முடியாதுங்கம்மா. ஆம்பளை பொம்பளை சமாச்சாரம், அசிங்கமான வசவு. பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற இடம் இது."

படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டியவள் நான். எழுத்தும் துணியில்லாமல் நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. நான் மகளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அது என்ன கண்ணு புஸ்தகம்?"

"வெளையாட்டுப் புஸ்தகம்மா. தாயம் உருட்டறாப்பல. நாமளே கத்தி வெச்ச ஆளா மாறிக் குகைக்குள்ள போவோணும். உள்ள இருக்கற பூதத்தைக் கொல்லோணும்."

"அந்த அம்மன்?"

"அது அம்மன் இல்லம்மா. அதுதான் பூதம்."

பொட்டு வைத்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"அந்தக் கெட்ட பேச்சு? அதையும் படிச்சியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "டிக்சனரி வெச்சுப் பாத்தேன். பாதி அதுல இல்ல. மீதி... அப்பா கிளீனரத் திட்டறாப்பலதாம்மா."

சிரிப்பு முட்டியது. மறு நிமிஷமே பயமும் வந்தது.

மறுநாள் அவர் தீர்மானமாகச் சொன்னார். "வெள்ளிக்கெழமை மாரியம்மன் கோயல்ல கற்பூரம் அணைக்கட்டும், அதைப் படிக்கலீன்னு. இல்லீன்னா பள்ளிக்கூடம் அதோட சரி."

"ஏனுங்க, கொண்டாந்தது நீங்கதானுங்களே?"

"அதுதாண்டி எரியுது."

எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பத்தையே பிடிக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். உண்மையைச் சொன்னால் அவள் படிப்பு போய்விடும். வெள்ளிவரை இருந்த இரண்டு நாளும் அவளிடம் பொய் சொல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல் என்று சொல்லவும் வரவில்லை. அடுப்படியில் நின்று, தாயே நீயே பார்த்துக்கொள் என்று மட்டும் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் கல்லின் மேல் அவரே கற்பூரம் ஏற்றினார். மகள் கையை ஓங்கினாள். தீக்கு மேலே வந்த கை அப்படியே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டாள்.

"படிச்சனுங்கப்பா. பாதிதான் புரிஞ்சுது."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

திங்கட்கிழமை அவர் கண்ணெதிரே சோறு கட்டிக் கொடுத்து அவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தன் முன்னால் பொய் பேசாத பிள்ளைக்கு அம்மன் படிப்பைக் கொடுத்துவிட்டாள் என்று நம்பினேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா புள்ள, தண்ணி கொண்டா."

யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் மகள் என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சாமி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பல வருஷம் கழித்து அவள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதாவது ஒருதரம் சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.