செவலை மேய்ந்த மண்

எங்கள் வீட்டில் எனக்குச் ‘சாணி டாக்டர்’ என்று பெயர். அண்ணன்மார் வைத்தது. ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவில் அம்மா ஒரு செவலைப் பசுவைக் கட்டி மேய்த்தாள். அதன் சாணியைக் குச்சியால் புரட்டிப் பார்ப்பதுதான் ஏழு வயதில் நான் பார்த்த உத்தியோகம். நேற்றைய சாணியில் வண்டு இருக்கும். நாலு நாள் போனால் அடியில் சின்னச் சின்ன ஓட்டை, மண்புழு. அடுத்த மாதம் சாணியையே காணோம். எங்கே போயிருக்கும்? கேட்டால், நான்தான் தின்றுவிட்டேன் என்பார்கள். சனியன்கள்!

அந்தச் சரிவு முன்பு வெறும் கட்டாந்தரையாம். அம்மா விடிந்ததும், பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுவதற்கு முன், மாட்டு முளையைப் பிடுங்கி ஒரு கயிற்று நீளம் தள்ளி அடிப்பாள். மேய்ந்த இடத்துக்கு மாடு திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். பழைய இடத்திலேயே புல் இருக்கிறதே என்றால், “கடிச்ச புல்லு மூச்சு விட்டு எந்திரிக்க வேணாமாடி?” என்பாள்.

ஒருநாள், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். “மாடு மிதிச்சு மண்ணெல்லாம் கரைஞ்சு தண்ணிக் கானுக்குள்ள எறங்குது. தொரை பாத்தா மாடு இருக்காது, சொல்லிப்புட்டேன்.” அம்மாவுக்குப் பால் வற்றியிருந்தது, கைக்குழந்தையாக இருந்த தம்பி குடித்ததெல்லாம் செவலையின் பால்தான். அம்மா அன்று சோறு தின்னவில்லை. எனக்கோ ஆத்திரம். மண்ணைப் பற்றி என்னையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

தோட்டத்தை நடத்தும் துரை வந்த அன்று அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? மாடு போகாத மேட்டில் மானாப்புல்லுக்கு நடுவே சுரண்டி ஒரு பிடி எடுத்தேன். கல்லும் செந்தூளுமாக வந்தது. செவலை மேய்ந்த இடத்தில் குத்தியதும் குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கறுத்த மண், வேரும் புழுவுமாக. இரண்டு கையையும் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“ஏய், போடி அங்கிட்டு!” என்று கண்டாக்கு ஐயா விரட்டினார். துரை அவரைத் தடுத்து, கறுத்த மண்ணை வாங்கி மோந்து பார்த்தார். “இது யார் செஞ்சது?” என்றார் தோட்டத் தமிழில்.

“எங்க மாடுங்க தொரை. மழை பேஞ்சா மண்ணு கரையாதுங்க, தண்ணிய உள்ளுக்கே குடிச்சிக்கிடுதுங்க.”

“நல்ல மாடு,” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயந்திரம் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் அளந்தேன். “மோந்து பாத்தாரா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு கொட்டிலுக்குப் போய்ச் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சரிவு முழுக்க வரிசையாகக் குச்சி நட்டார்கள். இத்தனை நல்ல மண்ணைப் புல்லுக்கு விடுவதா, தேயிலைக் கன்று போடச் சொல்லிவிட்டார் துரை என்றார் கண்டாக்கு ஐயா. செவலையைக் கடைவீதிக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. தம்பி வெறும் தேத்தண்ணியைத் துப்பித் துப்பி அழுதான்.

“மண்ணு நல்லாருக்குன்னுதானம்மா சொன்னாரு, அப்புறம் ஏன்?”

“மண்ணு நல்லா ஆயிப்போச்சுல்ல, அதான்டி,” என்றாள் அம்மா.

செவலை என்ன தப்புச் செய்தது என்று பல நாள் யோசித்தேன். தப்புச் செய்தவர்களைத்தான் விரட்டுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது.