எண்ணெய் மேல் விழுந்த பழி

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் சங்கிலிப்பாண்டியின் கைக்கு ஓய்வில்லை. அருவிக்கு வருகிறவர்களைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து அவன் அடிக்கிற அடியில், வாங்கியவனே கும்பிட்டுவிட்டுப் போவான். அப்படியொரு சீசனில்தான் கீழப்பாவூர் ஆவுடைத்தாயைக் கட்டி இலஞ்சிக்குக் கூட்டிவந்தான்.

அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான். ஆசையாகச் சேர்ந்திருந்து எழுந்தால், கொஞ்ச நேரத்தில் மிளகாய் அரைத்து அப்பியது மாதிரி உள்ளே எரிச்சல், வீக்கம், தொடையெல்லாம் தடிப்பு. மறுநாள் தடமே இருக்காது.

"ஊரான் முதுகுல தேச்ச எண்ணெயெல்லாம் உங்க மேலதான் இருக்கு. சோப்புப் போடாம கட்டில் பக்கம் வராதீங்க" என்றாள்.

அவனும் சீயக்காயில் ஆரம்பித்துப் பாத்திரம் விளக்கும் சோப்பு வரை போட்டு உரசினான். குழாயடி நுரை தெருவரைக்கும் போனது. எரிச்சல் போகவில்லை.

சீசன் முடிந்து, எண்ணெயை மறந்து ஆட்டோ ஓட்டப் போனான். அப்போதும் அதே எரிச்சல். ஆவுடைத்தாய் பயந்துபோய் ஒதுங்கிப் படுத்தாள். மாமியாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"எம்புள்ளய பிடிக்கலன்னா கீழப்பாவூருக்கே போயிரு தாயி."

சங்கிலிப்பாண்டி ஆட்டோ துடைக்கிற சாக்கில் வெளியே நழுவினான். அதுதான் அவளைச் சுட்டது. மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு தென்காசியில் டாக்டர் முஹ்ஸினாவிடம் போனாள்.

சோதித்ததில் கிருமி, புண் எதுவும் இல்லை. "எப்ப வருது?" என்றார் டாக்டர்.

"இவுக கூட இருந்த பொறவுதான்."

"கொஞ்ச நாள் ஆணுறை போட்டுப் பாருங்க. எப்பவாவது மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்."

தெரிந்தவன் கண்ணில் படக்கூடாதென்று சங்கிலிப்பாண்டி ஆட்டோவைச் செங்கோட்டைக்கே விட்டான். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய், நம்ம எண்ணெய்க்காரரா! போன சீசன்ல அடிச்ச அடி இன்னும் வலிக்கி அண்ணாச்சி. என்ன வேணும்?"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எப்படியோ வாங்கிவந்தான். அதற்குப் பிறகு எரிச்சலும் இல்லை, தடிப்பும் இல்லை. இரண்டு பேரும் மறுபடி தென்காசிக்குப் போய்ச் சொன்னார்கள்.

"விந்துல இருக்கிற புரதம் இவங்களுக்கு ஒத்துக்கலை" என்றார் டாக்டர். "சிலருக்கு எறா தின்னா தடிக்குதுல்லா? அது மாதிரி ஒரு அலர்ஜி."

"அப்ப கொறை எங்கிட்டயா டாக்டரம்மா?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"யாருட்டயும் இல்ல."

"புள்ள?" ஆவுடைத்தாய் தயங்கிக் கேட்டாள்.

"பிறக்கும். விந்தணுவை மட்டும் கழுவிப் பிரிச்சுக் கருப்பையில வைக்கலாம். கொஞ்சங்கொஞ்சமா உடம்பைப் பழக்குற சிகிச்சையும் இருக்கு. அவசரமில்ல."

வீட்டு வாசலிலேயே மாமியார் மறித்தாள். "என்னடே சொன்னா டாக்டரு? இவ இருப்பாளா, போவாளா?"

"அவ எங்கயும் போகல. அவளுக்கு ஒரு அலர்ஜி, அம்புட்டுதான். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். "பொங்கலுக்குக் கீழப்பாவூர் போவேன் அத்தே. உங்க மவனையும் கூட்டிட்டுத்தான்."