முத்துக் குளிக்காத அத்தான்

பம்பாயின் டோம்பிவிலி லோக்கல் ரயில் ஏதாவது சாக்கடை ஓரத்தில் நின்றுவிட்டால் பெட்டியில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் மூக்கு, அவர்கள் விரல். இருந்தும் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். இந்தக் கிழவன் எதற்கு முறைக்கிறான் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு ஆட்கள் தெரிகிறார்கள். அறுபதுகளின் நடுவில், ஒரு சிறிய படகின் மேல்தளத்தில், காலை வெயிலில் நீச்சல் உடையோடு வரிசையாக நின்றுகொண்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக் கன்னம் உப்ப ஊதிய விருந்தாளிகள். அவர்களுக்கு எதிரே தோளில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றவர் என் அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர்.

படகு எங்கள் முதலாளியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, காட்கோபரில் மளிகைக் கடையில் தொடங்கி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி பருப்பு கொடுக்கிற அளவுக்கு உயர்ந்த மனிதர். பழைய படகு ஒன்றை வாங்கி, வெள்ளை அடித்து, நான்கு அறை கட்டி, பணக்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் ரத்னகிரிக்குத் தெற்கே ஒரு பாறைத் தீவு வரை அழைத்துப் போவார். தீபாவளி கழிந்து மழை வரும் வரைக்கும் அங்கே தண்ணீர் தெளிந்திருக்கும். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு விருந்தாளிகள் கடலுக்குள் இறங்கி மீன் பார்ப்பார்கள். நான் படகில் பண்டாரி, அதாவது சமையற்காரன். நிமிர்ந்தால் தலை இடிக்கும் மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முட்டையும் மீன் வறுவலும், எங்களுக்குச் சோறும் குழம்பும் செய்வேன். நல்ல தண்ணீர் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் உப்புத் தண்ணீரில். மூன்று நாளில் சட்டை தானாகவே விறைத்து நிற்கும்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அத்தான். அவருக்கு வேலை கிடைத்த கதை தனி. தாராவியில் தோல் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். முதலாளி வீட்டுக் கிணற்றில் பித்தளைக் குடம் விழுந்துவிட்டது, பாதாளக்கரண்டி போட்டும் அகப்படவில்லை. ஊர்க்காரர் யாரோ அத்தானைக் கூட்டிப் போனார்கள். எங்கள் நாங்குநேரிப் பக்கம் கிணற்றில் விழுந்த குடம், வாளி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறவர் அத்தான்தான். ஒரே முங்கு. குடத்தோடு வெளியே வந்தார். திண்டில் நின்று பார்த்த முதலாளிக்கு அந்த நிமிஷமே யோசனை ஓடிவிட்டது. அடுத்த மாதம் அத்தான் படகில் இருந்தார். விருந்தாளிகளிடம் முதலாளி அவரை அறிமுகப்படுத்துவது இங்கிலீஷில் நடக்கும். எனக்குப் புரிந்த இரண்டு வார்த்தை ‘பேர்ல் டைவர்’, அதாவது முத்துக் குளிக்கிறவன். பெயரும் மாறிவிட்டது. அத்தானைப் படகில் எல்லோரும் ‘முத்து’ என்று கூப்பிட்டார்கள்.

முத்துக் குளிக்கும் கடலை அத்தான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. படகு துறையை விட்டு நகர்ந்ததும் அவருக்குக் குமட்டத் தொடங்கும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கயிற்றுச் சுருள் மேல் சுருண்டு கிடப்பார். "கடல்ல என்ன இருக்குன்னு இந்த ஆட்டம் ஆடுது, கெணறுன்னா கம்முன்னு கெடக்கும்லா" என்பார். தீவு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெள்ளைக் கச்சை கட்டி, இடுப்பில் வலைப் பையைத் தொங்கவிட்டு வந்து நிற்க வேண்டும். முதலாளி எங்கிருந்தோ ஒரு கல் கொண்டுவந்து அதில் கயிறு கட்டி வைத்திருந்தார். அந்தக் கல்லில் கால் வைத்து இறங்கினால் அத்தான் கடகடவென்று அடிமண்ணுக்குப் போய்விடுவார். விருந்தாளிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மேலே வரும்போது பையில் நான்கைந்து சிப்பி இருக்கும். இறங்கும்போதே அவை பையில் இருந்தவைதான். எனக்கு முதலில் இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்களே என்று அத்தானும் சிரிப்பார்.

அத்தான் வேடிக்கை காட்டி முடித்த பிறகு விருந்தாளிகளின் முறை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கப்பற்படையில் இருந்த ஒரு மாஸ்டர் வருவார். அவர் எதையோ இங்கிலீஷில் சொல்லி மூக்கைப் பிடிப்பார். உடனே எல்லோரும் பிடிப்பார்கள். நாங்கள் குன்றிப்போனோம். நான் எங்களுக்கு வைத்த கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற நேரம் அது. அத்தான் அவர்கள் முன்னால் நிற்கிற நேரமும் அதுதான். "நம்ம மேலதான் நாறுது போல மாப்ள" என்று அத்தான் என் காதில் சொன்னார். அடுத்த பயணத்தில் நான் கருவாட்டை நிறுத்தினேன். அத்தான் தனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியை மிச்சம் பிடித்து, சோப்புப் போட்டு உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அன்றும் அவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

குழம்பு மாறியதை முதலாளி கவனித்தார். கருவாட்டில் உயிரை வைத்திருந்தவர் அவர். "ஏம்டே, கருவாடு எங்க போச்சு?" என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் விருந்தாளிகளிடமும் மாஸ்டரிடமும் அதை இங்கிலீஷில் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் எங்களைப் பார்த்துப் பரிதாபமாகக் கை அசைத்தாள். திரும்பி வந்த முதலாளி, "அது ஒன்னுமில்லடே, அவங்க பழக்கம். நீ கருவாட்டப் போடு" என்றார். எங்களுக்குப் பெரிய நிம்மதி.

முதல் வருஷத்திலேயே அத்தானுக்குக் காதில் வலி தொடங்கிவிட்டது. கிணற்றில் இல்லாத ஆழம், கல் இழுக்கிற வேகம். சில நாள் மேலே வரும்போது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வழியும். விருந்தாளிகள் பார்ப்பதற்குள் துண்டால் துடைத்துவிடுவார். நான் தேங்காய் எண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றினேன். இரண்டாம் வருஷம் பாதியில் இடது காது அடைத்தது அடைத்தபடியே நின்றுவிட்டது. மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப் போனேன். குழாய் வைத்துப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம்.

"கீழ எறங்கறச்சே மூக்கைப் பிடிச்சுண்டு, வாயை மூடிண்டு, காத்தை ஊதணுமே. ஊதினா காதுல அடைப்பு விட்டுடும். இதை யாருமே சொல்லலையா உங்களுக்கு?" என்று தன் மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினார்.

நான் அத்தானைப் பார்த்தேன், அத்தான் என்னைப் பார்த்தார். டாக்டர் இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். இடது காது சவ்வு போய்விட்டது, வலது காதிலும் சீழ் வைத்திருக்கிறது, இனி முங்கினால் அதுவும் போய்விடும் என்றார். தலைக்குக் குளிக்கும்போதுகூடப் பஞ்சு வைக்கச் சொன்னார். வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். மேம்பாலத்தில் ஏறும்போது அத்தான் நின்று சொன்னார்: "நான் போயி சோப்புப் போட்டுக் குளிச்சேன் பாத்தியா, மாப்ள."

முதலாளி வேண்டுமென்றே மறைத்தாரா என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவரை வெறுத்து முடித்திருப்பேன். இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே மனிதர் அவர். எங்கள் ஊர்க்காரர், எங்கள் குழம்பை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். விருந்தாளியின் காதைக் காப்பாற்ற ஒரு மாஸ்டரை வைத்தார், சம்பளம் கொடுத்தார். அதே தண்ணீரில் இறங்குகிற இன்னொருவனுக்கும் காது இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. உண்மையிலேயே முத்துக் குளிக்கிற ஊரில் பிறந்திருந்தால் அத்தானுக்கு யாராவது சிறுவயதிலேயே அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். பட்டம் மட்டும் கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை.

அத்தான் அன்றோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. படகின் சுக்கானி, கொங்கணிக் கிழவர், அந்த மழையோடு வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தார். அந்த இடத்தை அத்தானுக்குத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். திரும்பும் வழியில் திறந்த கடலில் சுக்கானைப் பிடிக்க அத்தான் கிழவரிடம் கற்றுக்கொண்டும் இருந்தார். அதிசயம், சுக்கான் கையில் இருந்தால் அவருக்குக் குமட்டாது. சுக்கானி என்றால் நிரந்தர வேலை, குடியிருக்கச் செம்பூரில் ஒரு கோலி, அதாவது ஓர் அறை வீடு. தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு முறை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவருக்குத் தனியாக ஒரு கோலி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் அக்காவோடு அவர் சேர்ந்திருந்த நாட்கள் ஆறு மாதம் தேறாது. "மழைக்கு முன்னால முங்க மாட்டேன்னு சொன்னா சுக்கானையும் தரமாட்டாரு. கோலி கெடைக்கட்டும், ஒங்க அக்காவக் கூட்டியாந்துருவேன். காது கெடக்கு" என்றார். பஞ்சில் மெழுகைத் தோய்த்துக் காதில் அடைத்துக்கொண்டு கல்லில் ஏறினார்.

பங்குனி முடிவதற்குள் வலது காதும் போனது. படகில் யாருக்கும் தெரியாமல் சமாளித்தோம். அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் தளத்தில் காலைத் தட்டுவேன், பலகை அதிர்வதை அறிந்து திரும்புவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேட்காதவர் என்று சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன், அவ்வளவு கவனமாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் அவருக்கு இருந்த நல்ல பெயர் அந்த மாதங்களில் கூடவே செய்தது.

மழைக்கு முந்தைய கடைசிப் பயணம். திரும்பிப் பம்பாய்த் துறைமுக வாசலுக்குள் நுழையும்போது முதலாளி மேலே வந்து, எல்லோர் முன்னாலும் சுக்கானை அத்தான் கையில் கொடுக்கச் சொன்னார். கிழவர் விலகிப் பக்கத்தில் நின்றார். அத்தான் துவைத்த சட்டை போட்டிருந்தார். நேரே பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அப்போது பின்னால் வலது பக்கமிருந்து ஒரு பெரிய கப்பல் ஊதியது. விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அத்தான் திரும்பவில்லை. இரண்டாம் முறை ஊதியது. நான் காலைத் தட்டினேன். சுக்கானுக்கு நேர் கீழே இயந்திரம் ஓடுகிற அதிர்வில் என் தட்டு எங்கே தெரியப் போகிறது? கிழவர் அத்தானின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு கையை நீட்டி மெதுவாகச் சுக்கானைத் திருப்பினார். கப்பல் எங்களைத் தாண்டிப் போனது. எந்தச் சேதமும் இல்லை.

முதலாளி அத்தானின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். படகில் யாரும் சொல்லாத அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு தரம் சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒங்க அத்தானுக்குக் காது போயிட்டாடே?"

நான் ஆமென்று தலையாட்டினேன். முதலாளிக்கு உண்மையிலேயே மனம் கலங்கியது, முகத்தில் தெரிந்தது. அத்தானின் தோளில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தார். "அடப் பாவமே. காது கேக்காதவன் கையில சுக்கானக் குடுத்தா நாளைக்கு எல்லாருமா சேந்துல்லா முங்கணும்?" என்றார். பிறகு வழி கிடைத்துவிட்டவர்போல, "சரி, விடு. முங்குததுக்குக் காது எதுக்கு? மழை முடிஞ்சதும் வழக்கம்போல வரச் சொல்லு" என்றார்.

தோளில் விழுந்த கையும் முதலாளியின் முகத்திலிருந்த கனிவும்தான் அத்தானுக்குத் தெரிந்தது. சுக்கானைக் கிழவரிடம் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. படகு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"மாப்ள, கோலி எப்பத் தருதாராம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் படகில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் படியிறங்கிக் கீழே போய்விட்டார். பதில் சொல்ல நான் ஒருவன்தான் பாக்கி.