ரிப்பன் கட்டிய வாசல்

நம் வீட்டு வாசல் நிலையில் இரண்டு பக்கமும் ஏன் ஆணி இருக்கிறது என்று கேட்டீர்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் பிடுங்கப் போனபோதும் நான் விடவில்லை. காரணம் உங்கள் பெரிய மாமா. நீங்கள் அப்போது கைக்குழந்தைகள். நான் அதிகம் படித்தவன் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது வீட்டை ஜெபித்துத் திறக்கும் வீடு பிரதிஷ்டை அன்று வெள்ளிக்கிழமை. தென்காசி முழுக்கச் சாரல். திறந்த வாசலின் குறுக்கே அந்த ஆணிகளில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். போதகர் அதை வெட்டி, வலது காலை எடுத்து வைத்து முதலில் போக வேண்டும். பிறகு நான், பிறகு அம்மா, பிறகுதான் மற்றவர்கள். உள்ளே கேட்கும் முதல் சத்தம் ஜெபமாக இருக்க வேண்டும். முறை தவறினால் வீட்டின் ஆசீர்வாதமே போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். வேதத்தில் இது எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டாள். எங்கேயாவது இருக்கும் என்றேன். எல்லாம் பத்தரைக்குள் முடிய வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன்.

"பத்தரைக்கு ராகுகாலம்னுதான சொல்லுதிய?"

"சேச்சே, பந்திக்கு நேரமாயிரும்லா."

பத்தரையும் தாண்டியது. குற்றாலத்தில் ஒரு ஜெபத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொன்ன போதகர், சீசன் கூட்டத்தில் வண்டி நகரவில்லை என்று போனில் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். சர்க்கரை வியாதிக்காரர். விடியற்காலையில் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு, குளிருக்கு இரண்டு டம்ளர் காபியும் குடித்திருந்தார்.

"மாப்ளே, பாத்ரூம் எங்கன இருக்கு?"

"உள்ளதான் மச்சான். ஐயா வந்து ரிப்பன வெட்டட்டும்."

"ஐயா எங்க?"

"ஐந்தருவி ரோட்டுல நிக்காராம்."

"அவரு நிக்காரு. என்னால நிக்க முடியலயே!"

வேறு இடமும் இல்லை. பக்கத்து மனைகள் வெறும் தரை. பின்பக்கம் பிரியாணி அண்டா, அதைச் சுற்றி வெங்காயம் உரிக்கும் பெண்கள். குடையை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போனவர், அங்கே ஒரு சுற்றுலா பஸ் நிற்கிறது என்று திரும்பி வந்தார். மனதைத் திருப்பலாம் என்று ஒரு பாட்டை ஆரம்பித்தேன். பந்தலிலிருந்து வாளிக்குள் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாட்டு இருக்கட்டும், மொதல்ல அந்த வாளிய எடுங்க!" என்றார் மாமா.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறுதான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். பழைய நியாயப்பிரமாணத்தில் ஆலயத் திரைக்கு உள்ளே பிரதான ஆசாரியர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை போகலாம். இயேசு மரித்தபோது அந்தத் திரை கிழிந்தது. இனி யாரும் நேராகக் கடவுளிடம் போகலாம் என்று சொல்லி, மனதில் நிற்கட்டும் என்று என் பழைய வேட்டியைக் கிழித்தும் காட்டியிருந்தேன்.

"பிள்ளையளுக்கு வேட்டிய கிழிச்சிய. எங்கண்ணனுக்கு ஒரு ரிப்பன கிழிக்க மாட்டியளா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அதற்குள் மாமா கிளம்பிவிட்டார். இடதுகால்தான் முதலில் போனது. ரிப்பன் அவர் வயிற்றில் மாட்டி, இழுபட்டு, பட்டென்று அறுந்தது. பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. பந்தலில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அடிவயிற்றுக் குரலில் வந்தது:

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம்!"

பழக்கதோஷத்தில் யாரோ ஆமென் என்றார். உடனே பந்தல் முழுக்க ஆமென். கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அவ்வளவு உண்மையாக ஒருவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் முதல் சத்தம் ஜெபமாக இருக்க வேண்டும் என்று கேட்டவன் நான்தானே. கடவுளிடம் போக நீங்களும் யாரிடமும் உத்தரவு கேட்காதீர்கள், பிள்ளைகளே. எந்தக் கால் முன்னே போகிறது என்றும் பார்க்காதீர்கள்.

மத்தியானம் போதகர் நனைந்துபோய் வந்து இறங்கினார். ஆணியில் தொங்கிய ரிப்பனைப் பார்த்தார். நான் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, முறை கொஞ்சம் தவறிப்போச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. காலையில இருந்து வண்டிக்குள்ளயே கெடக்கேன். பாத்ரூம் எங்கன இருக்கு?"

கையைக் காட்டினேன். வேகமாக உள்ளே போனார். மாமா என் தோளில் கைபோட்டார்.

"ஆமென் சொல்ல ரெடியா இருங்க மாப்ளே."