சாமி பேசிய கன்னடம்

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த ஊரில் சாமிக்குத் தமிழ் தெரியாது. கம்பைநல்லூரிலிருந்து வண்டிப் பாதையில் போனால் வருகிற சின்ன ஊர் அது. ஊருக்கு வெளியே புங்க மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. பூசாரியின் தாத்தா மைசூர்ச் சீமைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனபோது அங்கிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சாமி என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்துச் சாமியானதால் கன்னடத்தில்தான் பேசும். அமாவாசைதோறும் மத்தியானத்தில் பூசாரி மேல் இறங்கிக் குறி சொல்லும். சொன்னது ஊரில் தர்மகர்த்தா ஒருவருக்குத்தான் விளங்கும். இளவயதில் பெங்களூர்ப் பக்கம் இருந்து கன்னடம் படித்துக்கொண்டு வந்ததாக அவரே சொல்லியிருந்தார். இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இதில் எனக்கு வந்த இடைஞ்சல் என்னவென்றால், எனக்கும் கன்னடம் தெரியும். என் பிறந்த ஊர் பென்னாகரத்துக்கு அந்தப்புறம். எங்கள் வீட்டில் தமிழ். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கன்னடம். அந்த வீட்டு அடுப்படிகளில் ராகிக் களியையும் கன்னடத்தையும் சேர்த்து விழுங்கி வளர்ந்தவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, களை எடுக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். கன்னடம் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை.

நான் போய்ச் சேர்ந்த மாதமே அமாவாசைக்கு மாமியார் என்னைக் கூட்டிப் போனாள். யாருடைய மாடோ காணாமல் போயிருந்தது. பம்பை அடித்தார்கள். பூசாரி ஒல்லியான மனிதர், மற்ற நாட்களில் இரைந்து பேசாதவர். அவர் உடம்பு குலுங்கி, கண் செருகி, எனக்குத் தூக்கிவாரிப்போடுகிற மாதிரி ஒரு கத்துக் கத்தினார். "ஊட்டா ஆய்த்தா? ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். பிறகு "எஷ்டு? எஷ்டு?" என்றார். எவ்வளவு என்று அர்த்தம். பிறகு தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "நனகே கொத்தில்லா, நனகே கொத்தில்லா" என்று அலறினார். எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. கடைசியில் "ஹோக்தீனி" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று விழுந்தார். நான் போகிறேன் என்று அர்த்தம்.

கூட்டம் தர்மகர்த்தாவைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மாடு வடக்கே மலையடிவாரத்தில் நிற்கிறது, மூன்றாம் பேருக்குத் தெரியாமல் போய்ப் பிடிக்க வேண்டும், போகுமுன் ஒரு கறுப்புச் சேவல் கொடுக்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தேன். முதுகு குலுங்குவதைப் பார்த்த மாமியார், எனக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு கைப்பிடி திருநீற்றை என் தலையில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு நான் ஓர் அமாவாசையையும் விடவில்லை. சாமிக்கு அந்த நாலு பேச்சுதான். அதே வரிசையில்தான் வரும். வரப்புத் தகராறு என்றாலும், காய்ச்சல் என்றாலும், மழை என்றாலும் சாப்பிட்டாயா, எவ்வளவு, எனக்குத் தெரியாது, நான் போகிறேன். தர்மகர்த்தா வாயில் அது ஆளுக்குத் தக்கபடி விரியும். வரப்பு அவருடைய பங்காளி பக்கம் நகரும்; அபராதம் அவருக்குப் பிடிக்காதவன் தலையில் விழும். கன்னடம் மிகவும் சுருக்கமான பாஷை என்று ஊர் நம்பியது. ஒரு கேள்விக்கு ஒரு சேவல். சாமி கறி தின்னாது என்பதையும் சாமியே கன்னடத்தில் சொல்லியிருந்தபடியால், சேவல் தர்மகர்த்தா வீட்டுக்குப் போய்விடும்.

வீட்டுக்காரரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தி, சாமி குத்தம் ஆகிவிடும் என்றார். நல்ல மனிதர். ஆனால் காற்றில் கதவு அடித்தாலும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத் தோன்றும் அவருக்கு. நான் அதோடு விட்டுவிட்டேன். யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது, வேடிக்கையும் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகச் சிரிக்கக் கிடைத்ததை நானே எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

வேடிக்கை என் தலையில் விடியும் என்று அப்போது தெரியாது. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் எனக்கு வயிறு திறக்கவில்லை. மாமியார் கொடுமைக்காரி இல்லை. என்னைத் திட்டினால் அன்று எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். ஆனால் சாமி சொன்னால் சொன்னதுதான். சாமி கிணற்றில் குதி என்றால், முந்தானையைச் செருகிக்கொண்டு எந்தக் கிணறு என்று கேட்கிறவள். இந்த விஷயத்தைச் சாமியிடம் கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

அங்கேதான் எனக்குப் பயம். தர்மகர்த்தா மாமியாருக்கு அண்ணன் முறை. அவருடைய தம்பிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். என் வீட்டுக்காரருக்கு முறைப்பெண். அவள் இருக்க, வெளியூரிலிருந்து என்னைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பழைய கோபம். போதாததற்கு எங்கள் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், அந்தத் தம்பியின் காடு எங்கள் காட்டை ஒட்டியது. சாமி என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தர்மகர்த்தா எப்படிச் சொல்வார் என்பதும் தெரியும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டாந்தாரம் வந்த வீட்டில் மூத்தவள் எங்கே படுப்பாள், என்ன வேலை செய்வாள் என்று எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

அமாவாசையன்று தர்மகர்த்தாவின் உத்தரவுப்படி என்னைக் காலையிலிருந்து பட்டினி போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரப் புடவையோடு கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு செஞ்சேவல் கால் கட்டப்பட்டுத் தர்மகர்த்தாவின் பக்கத்தில் கிடந்தது. பம்பை முழங்கியது. பூசாரி ஆடினார், நாலும் சொன்னார். ஆனால் அன்று விழவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்மகர்த்தா கண்ணை மூடினார். "இந்த வயித்துல வெளையாதுன்னு சொல்லுது. முறையுள்ள எடத்துல, தெக்குப் பாத்த வூட்டுல பொண்ணெடுக்கச் சொல்லுது" என்றார். ஊரில் தெற்குப் பார்த்த வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரிய காரியமாயிற்றே, இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று தர்மகர்த்தாவே தாராளமாகச் சொன்னார். மறுபடி பம்பை முழங்கியது.

பூசாரி என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊட்டா ஆய்த்தா?" என்றார்.

காலையிலிருந்து அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டது அந்தச் சாமி ஒன்றுதான். யோசிக்காமல் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டேன். "இல்லா சாமி. பெளிகெயிந்தா ஏனூ திந்தில்லா." இல்லை சாமி, காலையிலிருந்து ஒன்றுமே தின்னவில்லை.

பம்பைக்காரன் கை நின்றுவிட்டது. பூசாரி திகைத்தார். ஆனாலும் அவருக்குத் தெரிந்த வரிசையில் அடுத்தது வந்தது: "எஷ்டு? எஷ்டு?" இனி பின்வாங்கிப் பயனில்லை என்று எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம் சாமி என்று கன்னடத்தில் சொன்னேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நனகே மக்களாகுத்தா?" என்று கேட்டேன். எனக்குப் பிள்ளை பிறக்குமா?

"நனகே கொத்தில்லா" என்றார் சாமி, பாவம், உள்ளபடியே.

பொம்பளை சாமியிடம் பேசலாமா என்று தர்மகர்த்தா எழுந்தார். "சாமிதான் மொதல்ல சாப்டியான்னு கேட்டுச்சுங்க பெரியப்பா. பதில் சொல்லாம இருந்தா மரியாத இல்லீங்களே" என்றேன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் சிரித்தது கேட்டது.

மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னா புள்ள சொல்லுது சாமி?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பேராசை வந்தது உண்மை. வரிசையாக ஏழு ஆண் பிள்ளை, தர்மகர்த்தா வீட்டுக் கறவை மாட்டை எங்களுக்கு ஓட்டிவிட வேண்டும், மாமியார் இனி என்னைத் திட்டக் கூடாது என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கேட்க அத்தனை பேர் தயாராக இருந்தார்கள். எனக்கு மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் இல்லை. உண்மையே அவ்வளவு நன்றாக இருக்கும்போது பொய்க்கு ஏன் சிரமப்பட வேண்டும் என்று தோன்றியது. சாமி கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். கடைசியாக, "தனக்குத் தெரியாதுன்னு சொல்லுதுங்க அத்தை" என்றேன்.

தர்மகர்த்தா விடவில்லை. சாமி பேசுவது தேவ கன்னடம் என்றார். இவள் படித்தது மாட்டுக்கொட்டாய்க் கன்னடம், சொல் ஒன்றாக இருந்தாலும் அர்த்தம் வேறு என்றார். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். நான் பூசாரி பக்கம் திரும்பினேன். "மத்தே யாரிகே கொத்து?" என்று கேட்டேன். அப்படியானால் யாருக்குத்தான் தெரியும்?

பூசாரி என்னைப் பார்த்தார், தர்மகர்த்தாவைப் பார்த்தார். "ஹோக்தீனி" என்று சொல்லிவிட்டு விழுந்துவிட்டார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமியார் கல்லைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. அவளுக்குச் சாமி மேல்தான் நம்பிக்கை. அதுதான் என்னைக் காப்பாற்றியது. "சாமிக்கே தெரீலன்னு சொல்லுது. அப்பறம் உங்களுக்கு மட்டும் எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?" என்று தர்மகர்த்தாவைக் கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் குனிந்து சேவலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம். நீ இன்னும் ஒண்ணுந் திங்கல" என்று நடந்தாள். வீட்டுக்காரர் எங்கள் பின்னாலேயே வந்தார். பாதி வழியில் சேவலைத் தான் தூக்கி வருவதாகச் சொன்னார். அவருக்கு அதுவே பெரிய வீரம். அன்று குழம்பு நன்றாக இருந்தது.

சில நாள் கழித்துப் பூசாரி எங்கள் களத்துக்கு வந்தார். நான் ராகிக் கதிரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நெசமாவே நான் என்னதான் சொல்றேன்?" என்று கேட்டார். அப்பா சொன்னதைக் கேட்டுக் கேட்டு நாக்கில் பதிந்தது, அப்பா அவருடைய அப்பாவிடம் கேட்டது, அர்த்தம் யாரும் சொல்லித் தரவில்லை என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உடம்பு ஆடும்போது தன் நினைவு இருப்பதில்லை என்று சத்தியம் செய்தார், நான் நம்பினேன். நாலுக்கும் அர்த்தம் சொன்னேன். அவர் களத்து ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தார். தாத்தா சந்தையில் மாடு விலை கேட்டிருப்பார், மாட்டுக்காரன் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான் என்று தானே கண்டுபிடித்துச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகும் அமாவாசை நடந்தது. ஆனால் 'நனகே கொத்தில்லா' வரும்போது அவர் முகம் தர்மகர்த்தா இருக்கும் பக்கமாகத் திரும்பிவிடும். அது சாமியின் வேலையா, பூசாரியின் வேலையா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தக் கல்லுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். ஆனால் அதன் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அது மூன்று தலைமுறையாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் முழுக்கத் தமிழில் சேர்ந்தது. பிறகு பல ஊர்களில் பல பெரியவர்கள் சாமியின் மனதில் இருப்பதை எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர்கள் பக்கத்தில் சேவல் ஏதாவது கிடக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும்.

யுத்தம் முடிந்த பிறகு எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே புங்க மரத்தடிக்குப் போய்க் கல்லுக்கு முன்னால் கிடத்தி எடுத்தாள். சாமி கொடுத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, சாமி அன்னிக்குத் தனக்குத் தெரியாதுன்னுதானே சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

அவள் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த திருநீற்றை ஊதிவிட்டாள். "ஆமா" என்றாள். "தெரியாமக் குடுத்துருச்சு."